புதுப்பாட்டை எங்கே வைத்துப் பேசுவது: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓர் ஒப்பீடு

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் (ஆந்திரத்துச் சித்தூரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், கூரியர்காரர்கள் இன்றும் குழப்பிக்கொள்கிறார்கள்) கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, கோபாலபுரம் என்று தமிழகத்தை ஒட்டிக் கிடக்கும் ஊர்களில் வீட்டுமொழி தமிழாகவும் அலுவலக மொழி மலையாளமாகவும் இருக்கிறது. இந்த ஊர்களைச் சேர்ந்த ஏறத்தாழ முப்பது பேர், திரைப்படத்துக்கு வெளியே வருகிற புதிய பாட்டுகளை, அதாவது இண்டி என்று இப்போது சொல்லப்படும் சுயாதீன இசை, நாட்டார் பாட்டு, ராக் ஆகியவற்றை, ஒருவருக்கொருவர் அனுப்பியும் அவற்றைப் பற்றிப் பேசியும் நான்கு ஆண்டுகளாகக் கூட்டாக இருந்து வருகிறோம். தென்னந்தோப்பில் கள்ளிறக்குகிறவர்கள் இருவர், கோயம்புத்தூருக்குப் பேருந்தில் போய்வரும் கல்லூரி மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், லாரிப் பட்டறைக்காரர் ஒருவர், தமிழ் நன்றாக விளங்கும் மலையாளிகள் ஏழெட்டுப் பேர் என்று பலவகைப்பட்ட கூட்டம் இது. இருந்த வாட்ஸ்அப் குழுவில் பாட்டு பெருகிக்கொண்டும் பேச்சு சுருங்கிக்கொண்டும் போனதால், இனி எங்கே பகிர்வது, எங்கே பேசுவது என்று சென்ற ஆண்டு முடிவெடுக்க வேண்டியிருந்தது. வாயால் வாதாடிக்கொண்டிராமல் ஒவ்வொரு வழியையும் சில வாரங்கள் நடத்திப் பார்த்தோம். அதில் எனக்குப் பட்டதை, இதே சிக்கலில் இருக்கும் பிற ஊர்க்காரர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

இத்தகைய ஒப்பீட்டில் ஒலித்தரமும் செலவும் வசதியும் முதலில் பேசப்படுவதே வழக்கம். எங்களுக்கு அவற்றுக்கெல்லாம் முன்னால் வந்து நின்றது எழுத்து. எங்களில் தமிழ்வழியில் படித்தவர்கள் மலையாள எழுத்தைத் தட்டுத்தடுமாறித்தான் வாசிப்பார்கள். வீட்டில் தமிழ் பேசி மலையாளவழியில் படித்தவர்களுக்குத் தமிழ் எழுத்து அதைவிடப் பாடு. இந்த இரு சாராரும் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தால் ஒருவர் பேச்சு மற்றவருக்கு முழுக்க விளங்கும். எழுதத் தொடங்கினால் எப்போதும் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள். இரண்டு மொழியையும் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யும் நடுவழி ஒன்று உண்டு என்றாலும், குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு காட்டாத அந்த எழுத்தில் பாடகர் ‘பாடு’ என்றாரா ‘படு’ என்றாரா என்பதே தெரியாமல் போகும்போது, பாட்டின் வரியை எடுத்துவைத்துப் பேசுவது நடவாத காரியம். ஆகவே ஒவ்வொரு வழியையும் நான் இந்த ஓர் அளவுகோலால்தான் அளந்தேன்: அங்கே நடக்கும் பேச்சு வாயாலும் காதாலும் நடக்கிறதா, விரலாலும் கண்ணாலும் நடக்கிறதா?

அந்த அளவுகோலில் வாட்ஸ்அப் முதலில் தோன்றுவதைவிட நன்றாகவே தேறுகிறது. புதிதாக எதையும் நிறுவ வேண்டாம், யாருக்கும் சொல்லித்தர வேண்டாம், ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம் என்பதால் முப்பது பேருக்கு இடம் போதாது என்ற கவலையும் கிடையாது. இவற்றைவிட முக்கியமாக, குரல் செய்தி இருக்கிறது. கள்ளிறக்கும் நண்பர் மரத்திலிருந்து இறங்கிய மூச்சு வாங்கலோடு, ஒரு பாட்டில் உடுக்கை எந்த இடத்தில் நுழைகிறது, ஏன் அது அரைத்தாளம் முன்னதாக வந்திருக்க வேண்டும் என்று தமிழில் சொல்வார். அதற்கு மலையாளத்தில் பதில் வரும். மறுபடியும் தமிழில் மறுப்பு வரும். எழுத்துச் சிக்கல் அங்கே இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

கெடுப்பது அதன் வேகம். 2015 ஜூலை 10 முதல் உலகெங்கும் புதிய இசை வெள்ளிக்கிழமைகளில் வெளியிடப்படுவது வழக்கமாகியிருக்கிறது. நம் பக்கத்துச் சுயாதீனக் கலைஞர்கள் அந்த நாளைக் கட்டாயமாகக் கொள்ளவில்லை என்றாலும் பலர் அதையே பின்பற்றுகிறார்கள். அதனால் வெள்ளி இரவு எங்கள் குழுவில் இணைப்புகள் கொட்டும். ஒரு வெள்ளியன்று பத்தொன்பது பாட்டுகள் வந்தன. அவற்றில் எட்டு நிமிடம் ஓடுகிற ஒரு பாட்டுக்கு, அது வந்த அரை நிமிடத்துக்குள் நான்கு கட்டைவிரல்கள் உயர்ந்தன. அந்த நால்வரில் நானும் ஒருவன் என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். அனுப்பியவர் நண்பர் என்பதற்காக உயர்ந்த விரல் அது; பாட்டை நான் கேட்டது அடுத்த புதன்கிழமை, அப்போது அதைப் பற்றிச் சொல்ல நினைத்ததைச் சொல்வதற்கு அந்தப் பாட்டு குழுவில் நூறு செய்திகளுக்கு மேலே போய்விட்டிருந்தது. இன்னொரு கேடும் உண்டு. இணைப்பை அனுப்புவதற்குப் பதிலாக ஒலிக்கோப்பையே எங்கிருந்தோ இறக்கி அனுப்பும் பழக்கம் சிலரிடம் இருந்தது. கையில் காசில்லாத கல்லூரிப் பையன் செய்தால் மன்னிக்கலாம் என்று தோன்றும். ஆனால் முப்பது பேர் அந்தக் கோப்பிலேயே கேட்டுவிட்டால், கடன் வாங்கிப் பதிவுசெய்த பாடகருக்கு எங்கள் ஊரில் கேட்டவர்கள் யாரும் இல்லை என்றே கணக்கு காட்டும்.

டெலிகிராமுக்கு மாறலாம் என்று சொன்னவர்கள் மாணவர்கள். ஒரு குழுவில் இரண்டு லட்சம் பேர் வரை, ஒரு கோப்பு இரண்டு ஜிபி வரை, புதிதாக வருகிறவர் பழைய பேச்சு முழுவதையும் பார்க்கும்படி வைத்துக்கொள்ளும் வசதி, தலைப்புவாரியாகப் பிரிக்கும் வசதி என்று அவர்கள் அடுக்கிய நிறைகள் எல்லாம் உண்மையே. ஆறு வாரம் நடத்தினோம். முப்பதில் பதினொருவர் மட்டுமே வந்து சேர்ந்தார்கள் என்பது ஒருபுறமிருக்க, எங்களை உண்மையில் மடக்கியது அந்தத் தலைப்புவாரிப் பிரிப்புதான். இண்டிக்கு ஒன்று, நாட்டார் பாட்டுக்கு ஒன்று, ராக்குக்கு ஒன்று என்று மூன்று அறைகள் திறந்தோம். மலையாள வரிகளை ராக் இசையில் பாடி 2008 இல் முதல் ஆல்பம் வெளியிட்ட அவியல் குழுவின் வழியில் வருகிற ஒரு புதுப்பாட்டு எந்த அறைக்குப் போகும்? 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒரே பாட்டில் வைத்திருக்கிறதே, அதை எங்கே வைப்பது? பாட்டைப் பற்றிப் பேச வேண்டிய நேரமெல்லாம் பாட்டின் முகவரியைப் பற்றிய சண்டையில் கழிந்தது. எங்கள் மாவட்டத்து நாட்டார் கலைகளான கண்ணியார்களியிலும் பொறாட்டு நாடகத்திலும் தமிழும் மலையாளமும் ஒரே பாட்டுக்குள் கலந்து கிடப்பதைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வேலி போடும் வேலை கைவராமல் போனதில் வியப்பில்லை. இரண்டு ஜிபி வசதியோ, முழு ஆல்பங்களைத் திருட்டுத்தனமாக ஏற்றுவதற்கே பயன்பட்டது. ஏழாவது வாரம் யாரும் சொல்லாமலே அது நின்றுபோயிற்று.

யூடியூபில் பாட்டின் கீழேயே கருத்து எழுதிப் பேசிக்கொள்ளலாம் என்பதை நாங்கள் நீண்ட நேரம் எண்ணிப் பார்க்கவில்லை. அது எழுத்து, அதிலும் ஊரறியத் தெருவில் நின்று எழுதும் எழுத்து. பாடியவரே வாசிக்கக்கூடும் என்ற ஒரே காரணத்துக்காக, அதை உரையாடலுக்குப் பயன்படுத்தாமல், பேசி முடித்தபின் எங்கள் கருத்தைக் கலைஞருக்குச் சொல்லும் அஞ்சல்பெட்டியாக வைத்துக்கொண்டோம்.

கூட்டுப் பிளேலிஸ்ட் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பணக் கணக்கும் வருகிறது. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது முதல் எங்களில் இளையவர்கள் அதிலேயே கேட்கிறார்கள். பலர் சேர்ந்து பாட்டுகளைச் சேர்க்கக்கூடிய ஒரு பட்டியலை அதில் வைத்தால், வெள்ளி இரவின் வெள்ளம் ஓரிடத்தில் தேங்கி நிற்கும். எப்போது வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம். கேட்டது கலைஞரின் கணக்கிலும் ஏறும். ஒரு பாட்டை முப்பது வினாடிக்கு மேல் கேட்டால்தான் அது ஒரு கேட்பாக எண்ணப்படுகிறது. 2024 முதல், முந்தைய பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் கேட்புகளை எட்டாத பாட்டுக்குப் பணம் கிடையாது என்ற விதியும் அங்கே வந்திருக்கிறது. பெரிய நட்சத்திரங்களுக்கு இந்த ஆயிரம் ஒரு பொருட்டாகாது. பாலக்காட்டு மாடியறையில் பதிவுசெய்த ஒரு குழுவுக்கு முப்பது பேர் மாதம் மூன்று முறை முழுதாகக் கேட்பது ஓராண்டில் அந்த ஆயிரத்தை எட்டிவிடச் செய்யும் என்பதை விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கைச் சொன்ன பிறகுதான் ஒலிக்கோப்பு அனுப்பும் பழக்கம் எங்கள் குழுவில் ஓரளவு குறைந்தது; அறிவுரை செய்யாததைக் கணக்கு செய்தது.

ஆனால் பட்டியல் வாய்பேசாது. மேலும் நாட்டார் பாட்டில் பெரும்பகுதி அங்கே ஏறுவதே இல்லை. திருவிழாவில் யாரோ கைபேசியில் எடுத்த காணொளியாகத்தான் அது உலாவும், பாடியவர் பெயர்கூட இருக்காது. பெயர் என்பது சின்ன விஷயமன்று. 2021 மார்ச் 7 அன்று வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யை எழுதிப் பாடியவர் ராப் பாடகர் அறிவு என்பது தெரிந்ததே; 2022 ஜூலை 28 அன்று சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் அந்தப் பாட்டு மேடையேறியபோது, ஒரு பாட்டில் யாருடைய பங்கு எவ்வளவு என்று தமிழுலகமே வாதிட்டது. பட்டியலில் ஒரு வரியாகத் தெரியும் பெயருக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது என்றால், அதைப் பேசுவதற்கு வேறோர் இடம் வேண்டும் என்பது எனக்கு அப்போதே உறைத்தது. ஆகவே பிளேலிஸ்ட்டை நான் பதிவேடு என்று மட்டுமே மதிக்கிறேன். நல்ல பதிவேடு, அவ்வளவே.

கலைஞர்கள் தம் பாட்டை நேரடியாக விற்கும் இணையதளமான பேண்ட்கேம்ப் எங்களில் நால்வருக்குத்தான் பழக்கம். அங்கே ஆல்பத்தை விலைக்கு வாங்கினால் நிறுவனம் எடுத்துக்கொள்வது பொதுவாக நூற்றுக்குப் பதினைந்து. 2020 முதல் குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. பாட்டின் வரிகளும் யார் எந்தக் கருவியை வாசித்தார் என்ற விவரமும் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும், வாங்கிய கோப்பு நம்முடையதாகவே இருக்கும். டாலர் கணக்கும் பன்னாட்டு அட்டையும் பலருக்குத் தடை. தமிழிலும் மலையாளத்திலும் பாடுகிறவர்கள் அங்கே அரிது என்பதும் தடை. இருந்தும் இதை நான் தள்ளிவிடவில்லை. காரணம் அடுத்துச் சொல்லும் வழியோடு தொடர்புடையது.

கடைசி வழி, மாதம் ஒருமுறை ஓர் அறையில் கூடிக் கேட்பது. இதைப் பரிந்துரைத்தபோது இளையவர்கள் சிரித்தார்கள். பழைய வானொலி நேயர் மன்றத்தைத் திரும்பக் கொண்டுவருகிறீர்களா என்று கேட்டார்கள். ஆனால் கேரளத்தில் இதற்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. பி. என். பணிக்கர் 1945 இல் தொடங்கிய நூலக இயக்கத்தின் விளைவாக ஊர்தோறும் ஒரு வாயனசாலை இருக்கிறது. எங்கள் பகுதியில் உள்ள ஒன்றின் மேல்தளக் கூடம் மாலையில் பூட்டியே கிடந்தது. நிர்வாகிகளிடம் கேட்டோம், மின்கட்டணம் மட்டும் கொடுத்தால் போதும் என்றார்கள். பொதுவில் பாட்டு போடுவதற்கு உரிமம் வேண்டாமா என்று ஆசிரிய நண்பர் எழுப்பிய கேள்வி நியாயமானது. இலாப நோக்கமில்லாத மன்றமோ அதையொத்த அமைப்போ தன் செயல்பாட்டின் பகுதியாக ஒலிப்பதிவைக் கேட்கச் செய்வதற்கு 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. எனவே நுழைவுக் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டோம். ஸ்ட்ரீமிங் சேவைகளோ தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வருபவை. ஆகவே கூடத்தில் போடும் பாட்டுகளை, எங்கே விலைக்குக் கிடைக்கிறதோ அங்கே வாங்கிவிடுவது என்று முடிவாயிற்று. பேண்ட்கேம்ப் இங்கேதான் கைகொடுத்தது.

எப்படிக் கேட்பது என்பதற்கும் முன்மாதிரி பக்கத்திலேயே இருந்தது. பாலக்காட்டுப் பகுதியின் பகவதி கோயில்களில் நடக்கும் தோல்பாவைக்கூத்தில் புலவர்கள் கம்பன் பாட்டு ஒன்றைச் சொல்லி, பிறகு அதை விரித்து விரித்துப் பொருள் சொல்லி, தமக்குள் கேள்வி எழுப்பி விடை கூறி, அதன்பின்தான் அடுத்த பாட்டுக்குப் போவார்கள்; கூத்துமாடத்துக்கு எதிரே ஆளே இல்லாவிட்டாலும் விடிய விடிய அது நடக்கும், கேட்பவள் பத்ரகாளி என்பதால். அதே முறையை எடுத்துக்கொண்டோம். ஒரு பாட்டை முதலில் யாரும் எதுவும் பேசாமல் முழுதாகக் கேட்பது. பிறகு அதன் வரிகளை ஒருவர் மெதுவாகச் சொல்ல, விளங்காதவர் நடுவே நிறுத்திக் கேட்பது. மறுபடி ஒருமுறை கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடங்குவது. ஒரு மாலைக்கு நான்கு பாட்டுகளுக்கு மேல் கிடையாது. பத்தொன்பது பாட்டு வந்த வெள்ளிக்கிழமைக்கும் இதற்கும் உள்ள தூரத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது கூட்டத்தில் நடந்த ஒன்றுதான் என் மனத்தை முடிவாகச் சாய்த்தது. எங்கள் மாவட்டத்து மலைப்பகுதியான அட்டப்பாடியிலிருந்து நண்பர் ஒருவர் கொண்டுவந்த, இருளர் பழங்குடியினரின் பாட்டுப் பதிவு ஒன்றைப் போட்டோம். அட்டப்பாடியின் இருளர் பாடகி நஞ்சியம்மா 2022 இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திரைப்பட விருதைப் பின்னணிப் பாடலுக்காகப் பெற்றபோது, முறையான பயிற்சி இல்லாதவருக்கு விருதா என்று கேட்ட குரல்கள் எழுந்தது எல்லோருக்கும் நினைவிருந்தது. அதனால் சற்று மரியாதையோடும் சற்றுத் தயக்கத்தோடும் கேட்டோம். வரிகள் எங்கள் யாருக்கும் எழுத்தில் கிடைக்கவில்லை. மலையாள நண்பர்களுக்குக் கால்வாசி பிடிபட்டது, தமிழ்க்காரர்களுக்கு அரைவாசி. மாணவர் ஒருவருடைய பாட்டி, பேரனோடு துணைக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர், மூன்றாம் முறை ஓடியபோது வாயைத் திறந்து, தன் சிறுவயதில் அறுவடைக் களத்தில் கேட்ட சொல் இது என்று இரண்டு வரிக்குப் பொருள் சொன்னார். அந்தப் பாட்டிக்கு எந்த மொழியின் எழுத்தும் தெரியாது. வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ அந்த இரண்டு வரிகளின் பொருள் எங்களுக்குக் கிடைத்தே இருக்காது.

கூடத்தின் குறைகளையும் மறைக்கக்கூடாது. ராக் அங்கே தோற்றது. நான் 1,800 ரூபாய்க்குப் பழையதாக வாங்கிய ப்ளூடூத் ஸ்பீக்கரில் பேஸ் கிதார் என்ற ஒன்று இருப்பதே தெரியவில்லை. டிரம்ஸ் தகரத்தில் தட்டியது போலிருந்தது. ஹெட்போனில் உயிரை உலுக்கிய ஒரு பாட்டு கூடத்தில் சவலையாக ஒலித்ததைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுத்தவர் முகம் வாடியது. மைக்செட் வைத்திருப்பவரிடம் வாடகைக்கு எடுத்தபோது ஒலி சரியானது, ஆனால் கீழே நாளிதழ் வாசித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் மேலே ஏறி வந்துவிட்டார்கள். ராக்கை மட்டும் அவரவர் வீட்டில் ஹெட்போனில் முன்பே கேட்டுவிட்டு வந்து, கூடத்தில் தேவையான பகுதியை மட்டும் போட்டுப் பேசுவது என்ற சமரசம் இன்றுவரை அரைமனதாகவே நடக்கிறது. நேரமும் சிக்கலாயிற்று: மாலை ஆறரைக்கு வைத்த முதல் கூட்டத்தில் ஒரே ஒரு பெண் இருந்தார், இரண்டாம் சனிக்கிழமை பிற்பகல் மூன்றுக்கு மாற்றிய பிறகு ஒன்பது பேர் வந்தார்கள். திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த நேரம் ஒத்துவராது. அவர்களைக் கழித்துவிட்டு எடுக்கும் முடிவு முடிவாகாது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தபின், ஒரே வழியைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலையைப் பிரித்துக் கொடுக்கும்படி நான் சொன்னேன். சிறு திருத்தங்களோடு அது ஏற்கப்பட்டது. பேச்சுக்கு உரிய இடம் கூடம். வாட்ஸ்அப் குழு தொடரும். ஆனால் ஒருவர் வாரத்துக்கு ஒரு பாட்டுதான் அனுப்பலாம், அதோடு அதை ஏன் அனுப்புகிறார் என்று தம் குரலில் அரை நிமிடமாவது சொல்லியாக வேண்டும், கட்டைவிரல் கூடாது. கூடத்துக்கு வர முடியாதவர்கள் முந்தைய இரவே குரல் செய்தி அனுப்பினால் அது அங்கே எல்லோர் முன்னிலையிலும் போடப்படும். பிளேலிஸ்ட் பதிவேடாக இருக்கும். டெலிகிராம் வேண்டாம். உங்கள் ஊரில் எல்லோரும் ஒரே எழுத்தை வாசிப்பவர்களாகவும் தொலைவில் சிதறிக் கிடப்பவர்களாகவும் இருந்தால், நீங்கள் இதற்கு நேர்மாறாகக் கூடத்தைக் கைவிட்டு டெலிகிராமை வைத்துக்கொள்வதே சரியாக இருக்கலாம். எங்கள் காரணங்கள் எல்லைப்புறத்துக் காரணங்கள்.

பேசியது காற்றோடு போகிறதே என்ற குறையைத் தீர்க்க ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கியிருக்கிறோம். இடப்பக்கத்தில் ஒருவர் தமிழிலும் வலப்பக்கத்தில் ஒருவர் மலையாளத்திலும் எழுதுகிறார்கள். பாட்டி சொன்ன இரண்டு வரிகளை எழுதும்போது, இருளர் மொழிக்கென்று தனி எழுத்து இல்லாததால் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்ற கேள்வி வந்தது. இரண்டு பக்கத்திலும் எழுதினார்கள். பிறகு இருவரும் தாம் எழுதியதை உரக்க வாசித்தார்கள். பாட்டி வலப்பக்கத்தில் ஒரு சொல்லையும் இடப்பக்கத்தில் இரண்டு சொற்களையும் திருத்தினார்.